சிறுமிக்குச் சிறுமியின் உடை

'ஆள் பாதி ஆடை பாதி' என்பது நம் முன்னோர் மொழி. 'கந்தையானாலும் கசக்கிக் கட்டு' என்பதும் அவர்தம் மொழியே. உடையின் சிறப்பு அதன் விலையில் இல்லை. உடுத்துவோர்க்குப் பொருந்துவதிலும் தூய்மையிலுமே இருக்கிறது என்பதை இவ்விரு பழமொழிகளும் சேர்ந்து உணர்த்துகின்றன. தொடக்கப்பள்ளியில் பயிலும் நம் பெண்மக்களின் உடையைப் பற்றிச் சில கருத்துகளை இம்மலரின் வழியே எடுத்துரைக்க விரும்புகிறோம். இது சிறிய செய்தியாகத் தோன்றலாம். ஆயினும் குழந்தையின் உடல்நலம், மனவளர்ச்சி, குடும்பத்தின் வரவு செலவு ஆகிய மூன்றும் இதில் அடங்கியிருப்பதால், பெற்றோரும் ஆசிரியரும் வணிகரும் இதனை ஒருங்கே சிந்தித்தல் வேண்டும்.

இந்நாட்டுத் தோட்டப்புறங்களில் வாழ்ந்த நம் மூத்தோர் ஒன்றை நினைவுகூர்வர். தீபாவளி நெருங்கும்போது துணி வணிகர் மிதிவண்டியில் மூட்டை கட்டிக்கொண்டு லயன் வீடுகளுக்கு வருவார். சம்பள நாளில் பணம் தருவதாகச் சொல்லித் துணி வாங்குவர். ஒரே துணியில் அக்காளுக்கும் தங்கைக்கும் பாவாடையும் கவுனும் தைக்கப்படும். வளரும் பிள்ளை என்பதற்காகக் கீழ்மடிப்பில் துணியை மிகுதியாக விட்டுத் தைப்பர். அக்காலத்து வறுமையைப் புகழ்வது நம் நோக்கமன்று. தேர்ந்தெடுக்க வகைகள் இல்லாத நிலை அது. ஆயினும் அந்த உடை குழந்தையின் அளவெடுத்து, குழந்தைக்கென்றே தைக்கப்பட்டது என்பதை நாம் மறத்தல் ஆகாது.

இன்று நிலை வேறு. கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும், கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா சாலையிலும், 2010-ஆம் ஆண்டு அக்டோபரில் லிட்டில் இந்தியாவாகத் திறந்து வைக்கப்பட்ட பிரிக்பீல்ட்ஸ் பகுதியிலும் துணிக்கடைகள் நிறைந்திருக்கின்றன. கைப்பேசித் திரையிலும் ஆயிரக்கணக்கான உடைகள் காட்சி தருகின்றன. இத்துணை இருந்தும், பத்து வயது மகளுக்கு உடை தேடிச் செல்லும் தாய் பல வேளைகளில் மனநிறைவின்றியே திரும்புகிறார். காரணம் என்ன? சின்னஞ்சிறு குழந்தைகளுக்கான உடைகள் ஒரு பக்கம். மங்கையர்க்கான உடைகள் மறுபக்கம். இடைப்பட்ட 9 முதல் 12 வயதுச் சிறுமிக்கு உரியவை மிகச் சிலவே. பெரியவர்களின் உடையையே அளவில் சுருக்கிச் சிறுமியின் உடை எனத் தொங்கவிடுவதைப் பல இடங்களில் காண்கிறோம். முதுகு முழுதும் திறந்து கயிற்றால் முடிச்சிடப்பட்ட ரவிக்கை, இடை தெரியும் லெஹங்கா, உள்துணியற்ற வலைக் கை, குதிகால் உயர்ந்த காலணி ஆகியவற்றை நான்காம் ஆண்டு மாணவிக்கு அணிவிக்க எந்தத் தாயின் உள்ளம் விரும்பும்?

இவ்வயதின் இயல்பையும் நாம் அறிந்திருத்தல் நலம். தொடக்கப்பள்ளிக்கு வரும் சிறுமி ஆண்டுக்கு ஏறக்குறைய 5 அல்லது 6 சென்டிமீட்டர் உயர்கிறாள். பருவ வளர்ச்சி தொடங்கியபின் ஓராண்டில் 8 சென்டிமீட்டர் வரையிலும் வளரக்கூடும். அவ்வளர்ச்சி ஒருத்திக்கு 8 வயதிலும் இன்னொருத்திக்கு 13 வயதிலும் தொடங்கலாம், இரண்டும் இயற்கையே. ஆகவே ஒரே வகுப்பில் அமர்ந்திருக்கும் இரு மாணவியரின் உடல் அளவு பெரிதும் வேறுபடுகிறது. உடையில் '10 வயது' என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பி வாங்கினால் ஏமாற்றமே மிஞ்சும். மார்பு, இடை, உயரம் ஆகியவற்றின் அளவைக் குறித்துக்கொண்டு கடைக்குச் செல்வதே அறிவுடைமை. இன்னொன்றும் கூறவேண்டும். உடலால் விரைந்து வளர்ந்த சிறுமி மனத்தால் சிறுமியே. பூப்பெய்திய நாளில் சேலை உடுத்தி மகிழ்வது நம் மரபு. ஆனால் சடங்கு முடிந்து பள்ளிக்குத் திரும்பும் அவள் அதே ஐந்தாம் ஆண்டு மாணவிதான். கயிறு தாண்டவும் பந்தெறியவும் அவளுக்கு உரிமை உண்டு.

அவ்வாறாயின் வயதுக்கேற்ற உடை என்பது யாது? முதலாவது, அது அசைவுக்கு இடந்தருதல் வேண்டும். உடையை அணிவித்தபின் இரு கைகளையும் மேலே தூக்கச் சொல்லுங்கள். தரையில் சம்மணமிட்டு அமரச் சொல்லுங்கள். குனிந்து ஒரு பொருளை எடுக்கச் சொல்லுங்கள். சற்று ஓடிவரச் சொல்லுங்கள். இவற்றைச் செய்யும்போது அவள் உடையை இழுத்து இழுத்துச் சரிசெய்வாளாயின், அவ்வுடை எத்துணை அழகாயினும் அவளுக்கு உரியதன்று.

இரண்டாவது, நம் தட்பவெப்பத்திற்கு ஏற்றதாதல் வேண்டும். ஆண்டு முழுதும் வெப்பமும் ஈரமும் மிகுந்த நாடு நம் நாடு. காற்றுப் புகாத செயற்கை இழைத் துணி வியர்வையைத் தேக்கி வேர்க்குருவையும் அரிப்பையும் உண்டாக்கும். சரிகையும் பாசிமணியும் நிறைந்த உடையாயின், உட்புறம் மெல்லிய பருத்தித் துணி வைத்துத் தைத்தல் நன்று.

மூன்றாவது, பாதுகாப்பு. தீபாவளியன்று மத்தாப்பும் அகல் விளக்கும் குழந்தைகளைச் சூழ்ந்திருக்கும். நைலானும் பாலியெஸ்டரும் தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். பருத்தியும் தீப்பற்றக் கூடியதே எனினும் அவ்வாறு உருகுவதில்லை. தரையில் புரளும் பாவாடையும் பறக்கும் துப்பட்டாவும் எத்துணியாயினும் தீயருகே ஆகா. கழுத்தில் தொங்கும் நாடாக்களும் ஆபத்தானவை. விளையாட்டுச் சறுக்கு மரத்தில் அவை சிக்கிக் குழந்தைகள் உயிரிழந்ததை அடுத்து, அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 1996-ஆம் ஆண்டிலேயே அதற்கென நெறிமுறைகளை வெளியிட்டது.

நான்காவது, அது சிறுமியைச் சிறுமியாகவே காட்டுதல் வேண்டும். இங்கே உள்ளத்தின் நலன் அடங்கியிருக்கிறது. வளராத பெண்மக்களை வளர்ந்த மங்கையராகக் காட்டி, தோற்றத்தாலேயே மதிப்பிடும் போக்கு அவர்தம் தன்மதிப்பைக் குலைத்து, மனச்சோர்வுக்கும் உணவுப் பழக்கக் கோளாறுகளுக்கும் வழிகோலுவதாக அமெரிக்க உளவியல் சங்கம் 2007-ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கை எடுத்துக்காட்டியது. பிரிட்டனில் 2011-ஆம் ஆண்டு அரசின் வேண்டுகோளின்படி இப்பொருள் ஆராயப்பட்டபோது, அந்நாட்டுச் சில்லறை வணிகர் அமைப்பும் சிறுவர் உடைக்கான நெறிமுறைகளை வகுத்தது. இஃது உலகப் பெற்றோர் அனைவரின் கவலை என்பது இதனால் விளங்கும்.

இவ்விடத்தில் ஒரு கருத்தை ஐயத்திற்கு இடமின்றிக் கூறிவிட விரும்புகிறோம். சிறுமியின் உடையைப் பற்றிப் பேசுவோர் சிலர், அவளுக்குத் தீங்கு நேர்ந்தால் உடையே காரணம் என்று கூசாமல் கூறுகின்றனர். இது பெருந்தவறு. குழந்தைக்குத் தீங்கிழைப்பவனே குற்றவாளி. நம் நாட்டின் 2017-ஆம் ஆண்டுச் சிறார்களுக்கு எதிரான பாலியல் குற்றங்கள் சட்டம் தண்டிப்பதும் அவனையே. குழந்தை நலமாக இயங்கவும், மகிழவும், குழந்தைப் பருவத்தை முழுமையாக வாழவும் வேண்டியே ஏற்ற உடையைக் கேட்கிறோம். அவளைக் குற்றம் கூறுவதற்காக அன்று.

பள்ளிச் சீருடைக்கு வருவோம். நீலப் பினபோரும் வெள்ளைச் சட்டையும், அல்லது பாஜு கூரோங்கும், ஏழை செல்வர் என்னும் வேற்றுமையை மறைக்கும் சிறப்புடையவை. ஆயினும் வெள்ளைச் சட்டைத் துணி மெலிந்திருப்பின் மழையிலும் வியர்வையிலும் உடலோடு ஒட்டும். நான்காம் ஆண்டு முதல் மாணவிக்கு ஏற்ற உள்ளாடையைத் தாய்மார் கூச்சமின்றி எடுத்துக் கூறி வாங்கித் தருதல் வேண்டும். தாயில்லாத பிள்ளைக்குப் பாட்டியோ அத்தையோ ஆசிரியையோ அக்கடமையைச் செய்யலாம். பினபோருக்குள் அணியும் அரைக்காற்சட்டை ஓட்டத்திற்கும் ஆட்டத்திற்கும் பேருதவியாகும்.

அடுத்து, பள்ளி மேடை. பரிசளிப்பு விழாவிலும் கலை நிகழ்ச்சியிலும் திரைப்படப் பாடலுக்குச் சிறுமியர் ஆடுவது வழக்கமாகிவிட்டது. திரையில் நடிகை அணிந்ததையே எட்டு வயதுக் குழந்தைக்கும் அணிவிக்க வேண்டுமா? கோலாட்டமும் கும்மியும் பரதமும் நம்மிடம் இல்லையா? திரைப்பாடலே ஆயினும் உடையைச் சற்று மாற்றித் தைப்பதால் ஆட்டத்தின் அழகு குறைந்துவிடாது. வீட்டில் பெற்றோர் மறுத்த உடையைப் பள்ளி மேடை புகழ்ந்து கைதட்டுமாயின், குழந்தை யார் சொல்லைக் கேட்பாள்?

குழந்தையின் விருப்பத்திற்கு இடமில்லையா என்று கேட்கலாம். கட்டாயம் உண்டு. நம் நாடு 1995-ஆம் ஆண்டில் இணைந்த ஐக்கிய நாடுகளின் சிறார் உரிமை உடன்படிக்கை, குழந்தையைப் பற்றிய முடிவுகளில் அவள் கருத்துக்கும் செவிசாய்க்க வேண்டும் என்கிறது. பெற்றோர் தாம் ஏற்கும் மூன்று உடைகளைத் தேர்ந்து, அவற்றுள் ஒன்றை மகளையே தெரிவு செய்யச் சொல்லலாம். நிறம் அவள் விருப்பம். தைப்பு தாயின் பொறுப்பு. மறுக்கும் போதும் காரணம் கூறி மறுத்தல் வேண்டும். "உன் உடம்பு நன்றாக இல்லை" என்று ஒருபோதும் சொல்லலாகாது. "இந்த உடை உனக்குச் சரியாகத் தைக்கப்படவில்லை" என்றே சொல்லுங்கள். குறை துணியில் இருக்கட்டும்; பிள்ளையின் மேனியில் வேண்டா.

இறுதியாக, செயலுக்குரிய சில வேண்டுகோள்களை முன்வைக்கிறோம். வணிகப் பெருமக்களே! 9 முதல் 12 வயதினர்க்கெனத் தனிப் பகுதி அமையுங்கள். அவர்க்கான பட்டுப்பாவாடையிலும் பஞ்சாபி உடையிலும் பருத்தி உள்துணியும் அளவான கழுத்தும் இருக்கட்டும். வாங்குவோர் உண்டு என்பதை ஒரு தீபாவளியிலேயே கண்டுகொள்வீர்கள். பெற்றோர்களே! விருப்பமில்லாத உடையை வேறு வழியின்றி வாங்கி வருவதைவிட, துணி எடுத்து அருகிலுள்ள தையற்காரப் பெண்மணியிடம் கொடுங்கள். தையலில் துணி விட்டுத் தைத்தால் மறு ஆண்டும் பயன்படும். ஓர் ஏழைக் குடும்பத்திற்கும் வருவாய் கிட்டும். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினரே! பள்ளியை விட்டுச் செல்லும் ஆறாம் ஆண்டு மாணவியரின் நல்ல நிலையிலுள்ள சீருடைகளைத் திரட்டி, துவைத்துத் தேய்த்து, தேவைப்படுவோர்க்குப் பெயர் வெளியிடாது வழங்குங்கள். மேடை நிகழ்ச்சிக்கான உடைகளை ஒத்திகைக்கு முன்னரே ஆசிரியையரும் தாய்மாரும் கூடி முடிவு செய்யுங்கள்.

மாணவச் செல்வங்களே! உங்களை அழகாக்குவது சரிகை மட்டும் அன்று. தூய்மையான உடையும், நிமிர்ந்த நடையும், மலர்ந்த முகமும் ஆகும். பெரியவர்களாவதற்கு உங்களுக்குப் பல ஆண்டுகள் காத்திருக்கின்றன. சிறுமியாயிருக்கும் காலமோ சிலவே. அச்சில ஆண்டுகளை ஓடியும் ஆடியும் கற்றும் களித்தும் கழிக்க ஏற்ற உடையை உங்களுக்குத் தேடித் தருவது பெரியோராகிய எங்கள் கடமை. அக்கடமையை வீடும் பள்ளியும் கடைத்தெருவும் இணைந்து ஆற்றுக!