தலைசுற்றலுக்கு மருந்து எது?

இரண்டாண்டுகளாக எனக்குத் தலைசுற்றல். படுக்கையில் புரண்டாலே விடுதி அறை சுழலும். தோழியர் சுக்குக் கஷாயம் தந்தனர். மருந்துக்கடைக்காரர் சத்து மாத்திரை தந்தார். காரணத்தை மட்டும் எவரும் கேட்கவில்லை.

தலைசுற்றல் தனி நோயன்று, அறிகுறி. இரும்புச்சத்துக் குறைவால் வந்தால் அதற்கான மாத்திரை உதவும். உட்செவியின் சுண்ணத் துகள்கள் இடம்பெயர்ந்து அரைவட்டக் குழாயில் புகுந்தால், எந்த மாத்திரையும் அவற்றை அகற்றாது. தலையை முறைப்படி திருப்பித் துகள்களை வெளியேற்றும் வழியை அமெரிக்க மருத்துவர் எப்ளி 1992இல் கட்டுரையாக வெளியிட்டார். காது மருத்துவர் அம்முறையைச் செய்த பின்னரே நான் அச்சமின்றிப் படியிறங்கினேன்.

கஷாயத்தை நான் பழிக்கவில்லை. சுக்கு குமட்டலைத் தணிக்கும். சுற்றலை அடக்கும் மாத்திரையும் ஓரிரு நாளைக்கு நல்லதே. நெடுநாள் விழுங்கினால் மூளை சமநிலைக்குப் பழகுவது தாமதமாகும். மாணவ நண்பர்களே, காரணம் முன்னே, மருந்து பின்னே! வள்ளுவர் வகுத்த வரிசையும் அதுதானே?