ஹெய்ட்டிப் புரட்சி: தலைமையும் மக்களும்

அடிமை வணிகத்தையும் அதன் ஒழிப்பையும் நினைவுகூரும் பன்னாட்டு நாளாக ஆகஸ்ட் 23ஐ யுனெஸ்கோ கடைப்பிடித்து வருகிறது. ஐரோப்பிய நாடாளுமன்றம் எதுவும் கருணை கூர்ந்து சட்டம் இயற்றிய நாளல்ல அது. 1791 ஆகஸ்ட் 22 இரவு தொடங்கி மறுநாள் விடியும் வரை, கரீபியக் கடலில் இருந்த பிரெஞ்சுக் காலனியான சான் தொமிங்குவின் வடக்குச் சமவெளியில் அடிமைகள் கரும்புத் தோட்டங்களுக்குத் தீ வைத்துக் கிளர்ந்தெழுந்தனர். அந்தக் கிளர்ச்சி 1804 ஜனவரி 1 அன்று ஹெய்ட்டி என்ற சுதந்திர நாடாக உருப்பெற்றது.

அன்று அக்காலனியில் ஏறத்தாழ 5 லட்சம் அடிமைகள் இருந்தனர். வெள்ளையர் 40 ஆயிரத்தைத் தாண்டவில்லை. ஐரோப்பா பருகிய காப்பியில் பாதிக்கு மேலும், சர்க்கரையில் சுமார் 40 விழுக்காடும் அந்த உழைப்பிலிருந்தே வந்தன. பிரெஞ்சுத் துறைமுக நகரங்களின் முதலாளி வர்க்கம் அதில்தான் கொழுத்தது.

எழுச்சியின் தொடக்ககாலத் தலைவரான பூக்மன் சில மாதங்களிலேயே கொல்லப்பட்டார். சிதறிக் கிடந்த கலகக் குழுக்களிலிருந்து ஒழுங்குமிக்க படையைக் கட்டியவர் துசேன் லூவர்த்யூர். அடிமையாகப் பிறந்து, பிரெதா தோட்டத்தில் வண்டியோட்டியாக இருந்தவர். தொடக்கத்தில் அவர் ஸ்பெயினின் பக்கம் நின்று போரிட்டார். 1793 ஆகஸ்ட் 29 அன்று பிரெஞ்சுக் குடியரசின் ஆணையர் சோந்தோனா வடக்கு மாகாணத்தில் அடிமை முறையை ஒழித்தார். 1794 பிப்ரவரி 4 அன்று பாரிசின் தேசிய மாமன்றம் அதை எல்லாக் காலனிகளுக்கும் விரிவாக்கியது. அந்த ஆண்டிலேயே துசேன் குடியரசின் பக்கம் வந்தார். வல்லரசுகளின் பகைமையை அடிமைகளின் விடுதலைக்குப் பயன்படுத்தும் அரசியல் கூர்மை அவரிடம் இருந்தது. 1798இல் பிரிட்டிஷ் படை வெளியேறியது. 1801இல் முழுத் தீவும் அவர் ஆளுகைக்குள் வந்தது.

வெற்றியின் உச்சியில்தான் தலைமைக்கு உண்மையான சோதனை தொடங்கியது. விடுதலையைக் காக்க ஆயுதம் வேண்டும். ஆயுதம் வாங்கச் சர்க்கரையும் காப்பியும் ஏற்றுமதியாக வேண்டும். அதற்குப் பெருந்தோட்டங்கள் இயங்க வேண்டும் என்று துசேன் கணக்கிட்டார். 1800 அக்டோபரில் அவர் பிறப்பித்த ஆணை, உழவர்களை இராணுவக் கட்டுப்பாட்டின் கீழ்த் தோட்டங்களோடு பிணைத்தது. விளைச்சலில் நான்கில் ஒரு பங்கு உழைப்பவர்களுக்கு என்று ஏற்பாடு இருந்தபோதிலும், தோட்டத்தைவிட்டு வெளியேறும் உரிமை இல்லை. தோட்டங்களைத் தளபதிகள் குத்தகைக்கு எடுத்தனர். பழைய வெள்ளை முதலாளிகள் திரும்ப அழைக்கப்பட்டனர். 1801ஆம் ஆண்டு அரசமைப்பு, அடிமை முறை என்றென்றைக்கும் ஒழிந்தது என அறிவித்தது. துசேனை வாழ்நாள் ஆளுநராகவும் ஆக்கியது.

மக்கள் கேட்டதோ சொந்தமாக ஒரு துண்டு நிலம். அவ்வாண்டு அக்டோபரில் வடக்கில் உழவர்கள் கலகம் செய்தனர். அவர்களின் பரிவைப் பெற்றிருந்தவரும் துசேனின் வளர்ப்பு மருமகனுமான தளபதி மொயீஸ் நவம்பரில் சுட்டுக் கொல்லப்பட்டார். படையின் இடதுசாரியை வெட்டியதன் மூலம் துசேன் தம் அடித்தளத்தையே வெட்டிக்கொண்டார். தம் நோக்கத்தை மக்களிடம் விளக்காததே அவரது பெரும்பிழை என்பது, 1938இல் வெளிவந்த ‘கருப்பு ஜேக்கபின்கள்’ நூலில் சி.எல்.ஆர். ஜேம்ஸ் முன்வைத்த வாதம்.

விலை விரைவிலேயே கேட்கப்பட்டது. 1802 தொடக்கத்தில் நெப்போலியனின் மைத்துனர் லெக்லேர் 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களுடன் வந்திறங்கினார். கிறிஸ்தோஃப் கப் நகருக்குத் தீ வைத்துப் பின்வாங்கினார். க்ரெத் அ பியரோ கோட்டையில் தெசலினின் படை எதிரிக்குப் பேரிழப்பை உண்டாக்கியது. ஆயினும் வசந்தம் முடியுமுன் தளபதிகள் ஒருவர்பின் ஒருவராகப் பணிந்தனர். மே மாதம் துசேனும் ஆயுதம் வைத்தார். ஜூனில் வஞ்சகமாகக் கைது செய்யப்பட்டுக் கப்பலேற்றப்பட்ட அவர், 1803 ஏப்ரல் 7 அன்று பிரான்சின் ழூ கோட்டைச் சிறையில் மாண்டார்.

அடுத்த சில மாதங்கள் தோழர்கள் கூர்ந்து கவனிக்க வேண்டியவை. தெசலினும் கிறிஸ்தோஃபும் பிரெஞ்சுச் சீருடையில், மலைகளில் போராடியவர்களையே வேட்டையாடினர். போரைக் கைவிடாதவர்கள் சான் சூசி, மக்காயா போன்ற சிறு தலைவர்களும், பெயர் தெரியாத உழவர்களும்தான். லெக்லேர் துப்பாக்கிகளைப் பறிக்க முற்பட்டபோதும், குவாதலூப்பில் அடிமை முறை மீண்டும் நிறுவப்பட்ட செய்தி வந்தபோதும் அந்தத் தீ நாடெங்கும் பரவியது. அக்டோபரில்தான் பெத்தியோன், தெசலின், கிறிஸ்தோஃப் ஆகியோர் மக்கள் பக்கம் திரும்பினர். மஞ்சள் காய்ச்சல் படையெடுத்தவர்களை அழித்தது. லெக்லேரும் அதற்குப் பலியானார். 1803 நவம்பர் 18 அன்று வெர்த்தியேரில் தெசலின் இறுதி வெற்றி பெற்றார். தெசலினின் படைத்திறனை எவரும் மறுக்க முடியாது. ஆனால் அந்தத் திறனுக்குக் களம் அமைத்துத் தந்தவர்கள் மலைமக்கள். அவர்களின் தலைவரான சான் சூசியைக் கிறிஸ்தோஃபின் ஆட்களே கொன்றனர் என்ற கசப்பான உண்மையையும் மறைப்பதற்கில்லை.

வெளிப்பகை அதோடு ஓயவில்லை. 1825இல் போர்க்கப்பல்களை நிறுத்தி, இழந்த சொத்துக்கு ஈடாக 15 கோடி பிராங்க் தர வேண்டுமென பிரான்ஸ் மிரட்டியது. அடிமைகளும் அந்தச் சொத்தில் அடக்கம்! 1838இல் அது 9 கோடியாகக் குறைக்கப்பட்டாலும், அதை அடைக்க வாங்கிய கடன்கள் தலைமுறைகளைத் தின்றன. ஹெய்ட்டியின் வறுமைக்கு அம்மக்களைக் குறை கூறும் ஏகாதிபத்தியப் பிரச்சாரம் இந்தக் கணக்கைச் சொல்வதில்லை.

அந்தக் கணக்கை நாம் மக்களிடம் எடுத்துச் செல்வோம். அதோடு நமக்கான கணக்கும் இருக்கிறது. துசேனின் நேர்மையும் ஆற்றலும் ஐயத்துக்கு அப்பாற்பட்டவை. இருந்தும் நிலத்தைப் பற்றி உழவர் எழுப்பிய கேள்வியை அவர் ஒழுங்கீனமாகக் கண்டார். போராட்டத்தில் முன்னிற்கும் எந்த அமைப்புக்கும் இந்த ஆபத்து உண்டு. கிளைக் கூட்டத்தில் எழும் முணுமுணுப்பை, உழைக்கும் மக்களின் பொறுமையின்மையைக் கட்டுப்பாட்டின் பெயரால் அடக்குவதற்கு முன், அது எந்தத் தேவையிலிருந்து பிறக்கிறது என்று ஆராய்வது நமது கடமை. ஹெய்ட்டியில் அதைச் செய்யத் தவறிய தலைமையைக் காப்பாற்றியவர்கள், அந்தத் தலைமை அடக்க முயன்ற மக்களே.