ஊருக்குப் பொதுவான பேரேடு

1841இல் நியூயார்க்கில் லூயிஸ் டப்பன் என்ற பட்டு வணிகர் மெர்க்கன்டைல் ஏஜென்சியைத் தொடங்கினார். 1837 நிதி நெருக்கடியில் கடனுக்குச் சரக்கு கொடுத்துக் கையைச் சுட்டுக்கொண்டவர் அவர். ஊர்தோறும் வக்கீல்களை அமர்த்தி, எந்தக் கடைக்காரர் நாணயமானவர், யார் பாக்கியை இழுத்தடிப்பவர் என்று எழுதி வாங்கிப் பேரேடுகளில் ஏற்றினார். சந்தா கட்டியவர்களுக்கு மட்டும் அதை வாசித்துக் காட்டுவார்கள். டன் அண்ட் பிராட்ஸ்ட்ரீட் என்ற வணிகத் தகவல் நிறுவனத்தின் வேர் அங்கே இருக்கிறது.

பிரிட்டன் வேறு பாதையில் போனது. 1844 சட்டப்படி கூட்டுப் பங்கு நிறுவனங்கள் அரசிடம் பதிய வேண்டும். பதிவை யாரும் பார்க்கலாம். 1855இல் வரையறுத்த பொறுப்பு வந்தது. நிறுவனம் மூழ்கினாலும் பங்குதாரரின் வீடு வாசல் தப்பும். இவ்வளவு பெரிய சலுகையைச் சமூகம் தரும்போது, நிறுவனம் தான் யார் என்பதை ஊரறியச் சொல்வதுதான் நியாயமான கைம்மாறு. என் வாதம் முழுவதும் இந்தக் கொடுக்கல் வாங்கலில் நிற்கிறது.

ஆனால் அந்தப் பதிவைப் படிக்கவே பொதுமக்கள் காசு கட்டும் நிலை நெடுங்காலம் நீடித்தது. பிரிட்டனின் கம்பெனீஸ் ஹவுஸ் தன் டிஜிட்டல் தரவை முழுவதும் இலவசமாக்கியது 2015இல்தான். அமெரிக்க மத்திய அரசோ தன் ஒப்பந்ததாரர்களை அடையாளம் காண தனியார் நிறுவனமான அதே டன் அண்ட் பிராட்ஸ்ட்ரீட்டின் டன்ஸ் எண்ணையே 2022 ஏப்ரல் வரை நம்பியிருந்தது.

எல்லாருக்கும் பொதுவான அடையாள எண் இல்லாததன் விலை 2008 செப்டம்பர் 15 அன்று தெரிந்தது. லேமன் பிரதர்ஸ் திவாலானபோது, அதன் எந்தக் கிளை நிறுவனம் யாருக்கு எவ்வளவு கடன்பட்டிருக்கிறது என்பதைக் கட்டுப்பாட்டாளர்களால் விரைவாகக் கணிக்க முடியவில்லை. அதன் பிறகே ஜி20 நாடுகள் முன்கை எடுக்க, எல்இஐ என்ற 20 எழுத்து அடையாள எண் பிறந்தது. அதை நிர்வகிக்க 2014இல் கிளெய்ஃப் அமைப்பு உருவானது. எண் வாங்கும் நிறுவனம் கட்டணம் செலுத்தும். தரவு முழுவதையும் எவரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். சுமை சரியான தோளில் இருக்கிறது.

எண் திறந்திருந்தால் போதாது, அதைக் கையாளும் கருவியும் திறந்திருக்க வேண்டும். எல்இஐயில் உள்ள எழுத்துகளை எண்களாக்கி (ஏ என்றால் 10, பி என்றால் 11) வரும் முழு எண்ணை 97ஆல் வகுத்தால் மீதி 1 வர வேண்டும். தட்டச்சில் இரண்டு இலக்கங்கள் இடம் மாறினால் மீதி மாறி, பிழை பிடிபடும். கணக்கு வேறானாலும் நம் ஜிஎஸ்டி எண்ணிலும் இத்தகைய சரிபார்ப்பு உண்டு: தமிழ்நாட்டுக்கு 33, அடுத்த பத்து எழுத்துகள் பான், பதினைந்தாவது சரிபார்ப்பு எழுத்து. பைதான்-எஸ்டிடிநம் என்ற திறந்த மூல நிரல் தொகுப்பு இவ்விரண்டையும், இன்னும் பல நாட்டு எண்களையும் சரிபார்க்கிறது.

எண்ணே இல்லாத பழைய பட்டியல்கள்தான் உண்மையான தலைவலி. 'ஸ்ரீ முருகன் டிரேடர்ஸ்' இரண்டு பட்டியலில் இருந்தால் இரண்டும் ஒரே கடையா? எங்கும் காணும் பெயர் பொருந்துவதற்குக் குறைந்த மதிப்பும் அரிய பெயர் பொருந்துவதற்குக் கூடுதல் மதிப்பும் தரும் கணக்கை 1969இல் ஃபெலிகி, சன்டர் என்ற இருவர் வகுத்தார்கள். பிரிட்டன் நீதி அமைச்சகத்தினர் எழுதி வெளியிட்ட ஸ்பிளிங்க் என்ற திறந்த மூல நிரல் இன்று அந்தக் கணக்கைத்தான் போடுகிறது. இரண்டு பெயர்கள் ஏன் ஒன்றாகச் சேர்க்கப்பட்டன என்று அதில் திறந்து பார்க்கலாம். கடன் மறுக்கப்பட்ட ஒரு சிறு வணிகர் காரணம் கேட்கும்போது, வங்கி அதிகாரி காட்ட ஒரு விடை இருக்க வேண்டும். பூட்டிய மென்பொருளில் அது கிடைப்பது கடினம்.

டப்பனின் பேரேட்டில் தங்களைப் பற்றி எழுதியிருந்ததைக் கடைக்காரர்களால் படிக்க முடியவில்லை. அந்த நிலை மென்பொருள் வடிவில் மீண்டும் வரக் கூடாது. நிறுவனப் பதிவுகளை அரசுகள் மொத்தமாக, கட்டணமின்றி வெளியிட வேண்டும். திறந்த மூலக் கருவிகளை நாள்தோறும் பயன்படுத்தும் வங்கிகளும் வரித்துறைகளும், அவற்றைப் பராமரிக்கும் சிலருக்குப் பணமும் ஆட்களும் தர வேண்டும். அடுத்த பட்ஜெட்டிலேயே அதற்கு ஒரு தொகை ஒதுக்குங்கள்.