அணையும் ஆற்றுமீனும்

ஆற்றின் குறுக்கே அணை எழுந்தால் நெல்லும் மின்னும் பெருகும் என்பதை யாவரும் அறிவர். அவ்வாற்றில் வாழ்ந்த மீன் என்னாயிற்று என வினவுவார் மிகச் சிலர். வினவுவாருள்ளும் பலர், பிறநாட்டு மீனைக் கொணர்ந்து விட்டமையாலேயே நம் நாட்டு மீன் அருகிற்று என்று வழக்கை விரைந்து முடித்துவிடுகின்றனர். அத்தீர்ப்பு நேரிதன்று என்பது என் துணிபு.

இலங்கையிற் பெரிய இயற்கை ஏரிகள் இல்லை. நம் குளங்களெல்லாம் மனிதர் கட்டியவை. நம் நன்னீர் மீன்களோ ஆற்றுக்கும் ஓடைக்கும் சதுப்புக்கும் உரியவை. ஆழ்ந்து பரந்த நிலைநீரிலே வாழப் பழகியவை அவற்றுள் மிகச் சிலவே. 1952ஆம் ஆண்டு திலாப்பியா இங்கே கொண்டுவரப்பட்டது. நம்மவருட் சிலர் அதனை யப்பான் மீன் என்று வழங்கினும், அது பிறப்பால் ஆபிரிக்க நாட்டது. ஆழமில்லாத கரையோரத்திற் குழிதோண்டி முட்டையிட்டு, அம்முட்டைகளைத் தன் வாயினுள்ளே வைத்துக் காக்கும் இயல்பினது. நிலைநீர் அதற்குத் தாய்வீடு. ஆளில்லாத மனையிற் குடிபுகுந்தாற்போல நம் குளங்களிலே அது பெருகிற்று. உள்ளூர் மீனவர் பலருக்குப் பிழைப்பும், ஏழைகளின் உலைக்குக் கறியும் தந்த அம்மீனை இகழ்தல் நன்றியாகாது.

இனி, ரோகு, கட்லா, மிரிகால் என்பனவற்றை நோக்குக. இவையும் பிறநாட்டினவே, இந்தியப் பேராறுகளுக்கு உரியவை. இவை நம் குளங்களிலே கொழுத்து வளர்கின்றன. ஆயினும் ஆங்கே இனம் பெருக்குவதில்லை. மழைக்காலத்து ஆற்றுவெள்ளம் இன்றி இவை முட்டையிடா. ஆதலின், குஞ்சு பொரிக்கும் நிலையங்களில் வளர்த்த குஞ்சுகளை ஆண்டுதோறும் கொணர்ந்து விடவேண்டியிருக்கின்றது. இரண்டும் அயல்நாட்டு மீன். ஒன்று தானே பெருகுகின்றது, மற்றையது பெருகவில்லை. இதனால் விளங்குவது யாது? மீன் எந்நாட்டில் தோன்றியது என்பதினும், நீர் ஓடுகின்றதா நிற்கின்றதா என்பதே அதன் வாழ்வைப் பெரிதும் உறுதி செய்கின்றது. ஓடும் நீரை நிற்கும் நீராக மாற்றுவது அணை.

மாவலி கங்கையைச் சான்றாகக் கொள்வோம். 1976இற் பொல்கொல்லை, 1985இற் கொத்மலையும் விக்டோரியாவும், 1986இல் ரந்தெனிகல, 1990இல் ரந்தம்பே என அணைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. பாறையிடையே பாய்ந்த மேற்கங்கை நீர்த்தேக்கத் தொடராயிற்று. விலங்கியலார் லேபியோ பிஷெரி என்று பெயரிட்ட மலைநாட்டு மீன் உலகில் இலங்கையன்றி வேறெங்குமில்லை. விரைந்த நீரும் பாறை மடுவும் அதன் உறைவிடம். இன்று அது அழிவை நோக்கும் உயிர்களுள் வைத்து எண்ணப்படுகின்றது. விலாங்கின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. அது கடலிற் பிறந்து, குஞ்சாக ஆறேறி, நன்னீரிற் பல்லாண்டு வளர்ந்து, முட்டையிட மீண்டும் கடலை நாடுவது. 122 மீற்றர் உயர்ந்த விக்டோரியாச் சுவரை அது எங்ஙனம் கடக்கும்? அணைக்குக் கீழேயும் துன்பமே. மின்தேவைக்கேற்ப நீர் திறக்கப்படுங்கால் ஆறு திடீரென ஏறி இறங்கும். கரைக்கல்லில் இட்ட முட்டை வெயிலிற் காயும். அடிமட்டத்திலிருந்து விடும் நீர் குளிர்ந்தும் ஒட்சிசன் குறைந்தும் வருதலும் உண்டு.

நம் முன்னோரும் நீரைத் தடுத்துக் குளம் கட்டினரே எனலாம். உண்மை. ஆயின் அவர் கட்டிய குளங்கள் பெரும்பாலும் வறண்ட சமவெளியில் அமைந்தவை. மலைநாட்டு ஆறுகள் அக்காலத்துத் தடையின்றி ஓடின.

தமிழ்ப் பண்டிதனுக்கு இதில் என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். சேல், கயல், வாளை, அயிரை என்று செய்யுளில் வரும் பெயர்களுக்கு மாணாக்கர் பொருள் வினவும்போது, உரைநூலைப் பார்த்து "மீன்வகை" என்று கூறி அப்பாற் செல்கின்றோம். பொருளைக் கண்ணாற் கண்டவன் இல்லாதபோது சொல் இங்ஙனம் வெறும் வகையாய்த் தேய்கின்றது. இன்று நீரில் உள்ளவற்றையும் நாளை அவ்வாறே ஆக்கிவிடலாகாது.

எழுந்த அணைகளை இடிக்கச் சொல்வார் எவருமிலர். சிறு நீர்மின் நிலையங்களுக்காக மலையோடைகளைத் திருப்புங்கால், ஓடையின் பழைய வழியில் ஆண்டு முழுதும் மீன் வாழப் போதிய நீரை விடவேண்டும். சுவர் எழுப்புமுன் அவ்விடத்து மீன் யாவை என ஆராய்தல் வேண்டும். அயல்மீனைக் குளத்தில் வளர்க்கலாம், மேலாறுகளில் விடலாகாது. எல்லாவற்றினும் மேலாக, சில ஆறுகளையேனும் எக்காலத்தும் அணையிடாது ஓடவிடுதல் வேண்டும். திலாப்பியாவுக்கு நாம் எத்தனையோ வீடுகள் கட்டிக் கொடுத்துவிட்டோம். பழங்குடியின் வீடு ஒன்றிரண்டையாவது இடியாது விடுதல் அறமாகும்.