சுட்டி கேட்டு மடல் போடும் கனவான்களே!

ரொம்ப நாளா அடக்கி வெச்சிருந்தேன். நேத்து ராத்திரி வந்த மடலோட பொறுமை போயே போச்சு. இன்னிக்கு கொஞ்சம் காரமாத்தான் இருக்கும், மக்கள் பொறுத்துக்கணும்.

மடல் இப்படிப் போகுது: "உங்கள் சமீபத்திய பதிவை மிகவும் ரசித்துப் படித்தேன். அருமை! இதே போன்ற விஷயங்களை எங்கள் தளத்திலும் எழுதியிருக்கிறோம். ஒரு லிங்க் கொடுத்தால் உங்கள் வாசகர்களுக்குப் பயனாக இருக்கும்."

என் சமீபத்திய பதிவு எதுன்னு இங்கே வர்றவங்களுக்குத் தெரியும். போன மாசம் போய்ச் சேர்ந்த என் நண்பனுக்கு எழுதின அஞ்சலி. அதை இவர் 'மிகவும் ரசித்துப்' படிச்சாராம். அவர் தளத்துலயும் 'இதே போன்ற விஷயம்' இருக்காம். போய்ப் பார்த்தா குளிர்சாதனப் பெட்டி ரிப்பேர்.

ஏன்யா, ஒரே ஒரு தடவை பக்கத்தைத் திறந்து பார்த்திருக்கக் கூடாதா? தமிழ் படிக்கத் தெரியாதுன்னாலும் மாலை போட்ட போட்டோ கண்ணுக்குத் தெரியுமே!

இந்த ஆளுங்க பண்ற தப்பு எல்லாமே இந்த ஒரு இடத்துல இருந்துதான் கிளம்புது. படிக்கிறதில்லை. என் வலைப்பூ பேரையே என் பேருன்னு நெனச்சு "டியர் ஓட்டைக்குடை"ன்னு ஒருத்தர் எழுதினார். இன்னொருத்தர் மடல்ல பேர் இருக்க வேண்டிய இடத்துல 'இங்கே பெயர்'னு அப்படியே இருந்தது. அவசரம் போல.

ஒரு சுட்டிக்கு ஏன் இந்த அடிதடின்னு புதுசா வர்றவங்க கேக்கலாம். 1998-ல லாரி பேஜும் செர்கே பிரின்னும் பேஜ்ரேங்க்னு ஒரு கணக்கு போட்டாங்க. ஒரு பக்கத்துக்கு யார் யார் சுட்டி கொடுத்திருக்காங்க, கொடுத்தவங்களுக்கு யார் கொடுத்திருக்காங்கன்னு பார்த்து மதிப்பு போடற கணக்கு. கிட்டத்தட்ட ஓட்டு மாதிரி. ஓட்டுன்னு ஒண்ணு இருந்தா அதை விலைக்குக் கேக்க ஆள் வரும்னு நம்ம ஊர்க்காரனுக்குச் சொல்லியா தரணும்? 2005-ல நோஃபாலோ வந்தது, 2012 ஏப்ரல்ல பெங்குவின் வந்து விலைக்கு வாங்கின ஓட்டு கிராக்கிகளைப் புரட்டிப் போட்டது. டூல்பார்ல பச்சைக் கலர்ல காட்டிட்டிருந்த மார்க்கையும் 2016-ல எடுத்துட்டாங்க. ஆனா இந்த வருஷமும் எனக்கு ஒரு மடல்: "உங்கள் பேஜ்ரேங்க் 3, எங்களுடையது 4, மாற்றிக்கொள்ளலாமா?" எந்தப் பரணிலிருந்து எடுத்தீங்க சாமி அந்த மார்க்கை?

இதெல்லாம் சிரிச்சுட்டுப் போற விஷயம். சிரிக்க முடியாதது ஒண்ணு இருக்கு.

2011-ல அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்தப்போ ஒரு பதிவு போட்டிருந்தேன். சொட்டு மருந்துக்கு எப்படி அட்டவணை போட்டு சுவத்துல ஒட்டினோம், தலைக்குக் குளிக்கக் கூடாதுன்னு சொன்னதுக்கு அப்பா எப்படிச் சண்டை போட்டார்னு எல்லாம் எழுதினது. என் வலைப்பூவுல இன்னிவரைக்கும் தேடி வந்து படிக்கிறது அதைத்தான். 2015-ல ஒருத்தர் மடல் போட்டார். கண் பராமரிப்பு பத்தி ஒரு தளம், உங்க பதிவுக்குக் கீழே சேர்ப்பீங்களான்னு. தளத்தைப் பார்த்தேன், நல்லாத்தான் இருந்தது. சேர்த்தேன்.

நாலு வருஷம் கழிச்சு ஒரு பெரியவர் எழுதறார்: "தம்பி, கண்ணுக்கு விவரம்னு அமுக்கினா சீட்டு விளையாடக் கூப்பிடுது. நீங்க சொன்ன இடம்தானேன்னு போன் நம்பரைக் கொடுத்துட்டேன். நாள் பூரா கூப்பிட்டுத் தொல்லை பண்றாங்க."

அந்தத் தளத்தோட டொமைன் காலாவதியாகி, வேற யாரோ வாங்கியிருக்காங்க. பழைய சுட்டிகள் பல இடத்துல இருக்கிறதால அந்தப் பேருக்கு மவுசு, அதுக்காகவே வாங்கறாங்க. 2024 மார்ச்ல கூகுளே இந்த வேலைக்குன்னு தனியா ஒரு விதி போட்டாங்கன்னா பார்த்துக்கோங்க. சட்டப்படி என் மேல தப்பு இல்லைதான். ஆனா அந்தப் பெரியவர் "நீங்க சொன்ன இடம்தானே"ன்னாரே, அதுக்கு என்ன பதில் சொல்றது? மன்னிப்பு கேட்டு எழுதினேன், சுட்டியை எடுத்தேன். அவர் அப்புறம் எழுதவே இல்லை.

சுட்டி கொடுக்கிறது ஜாமீன் கையெழுத்து போடற மாதிரிங்க. முகம் தெரியாத ஒருத்தன் வந்து "அண்ணே, ஒரு கையெழுத்து, உங்களுக்கும் நல்லது"ன்னா போடுவீங்களா? இவங்க இன்னும் ஒரு படி மேல போய், கையெழுத்தை எந்த எழுத்துல, எந்த வரியில போடணும்னும் சொல்றாங்க. "'குறைந்த வட்டி தனிநபர் கடன்' என்ற சொற்களில் லிங்க் வைக்கவும்." அப்பாவோட கண்புரைப் பதிவுக்குள்ள தனிநபர் கடனை எங்கேய்யா நுழைக்கிறது?

அடுத்து நினைவூட்டல். மூணு நாளைக்கு ஒருதரம். "என் முந்தைய மடலைத் தவறவிட்டிருப்பீர்கள்." இல்லை, தவறவிடலை. ஆபீஸ்ல ஆணி புடுங்கிட்டு வந்து, அலுத்துப்போய் உக்காந்து, படிச்சுட்டுத்தான் குப்பையில போட்டேன்.

"நாங்கள் ஏற்கனவே உங்களுக்கு லிங்க் கொடுத்துவிட்டோம், பதிலுக்கு..." கோஷ்டியும் உண்டு. மொய்க்கணக்கு! போய்ப் பார்த்தா அவங்க தளத்துலயே எங்கிருந்தும் போக முடியாத ஒரு மூலைப் பக்கம். எனக்கு மேல கம்பளிப்பூச்சி மருந்து, கீழ லாஸ் வேகஸ் ஓட்டல். நான் பதிலுக்குக் கொடுத்தா அடுத்த வாரம் அந்தப் பக்கமும் இருக்காது.

இப்போ ஏஐ வந்தப்புறம் இவங்க 'படிக்க' வேற ஆரம்பிச்சுட்டாங்க. "உங்கள் தந்தையாரின் கண்புரைப் பயணம் என் மனதைத் தொட்டது"ன்னு வந்தது போன வாரம். கண்புரைப் பயணமாம்! அப்பா ஆட்டோல போய் ஆட்டோல வந்தார், அதுதான் பயணம். மனசைத் தொட்டவர் ரெண்டாவது பாராவுல கான்டாக்ட் லென்ஸ் விக்கிறார். பழைய மடல்ல படிக்கலைன்னாவது நேரடியாத் தெரியும். இதுல படிச்ச மாதிரி நடிப்பு. எனக்கு இதுதான் அதிக எரிச்சல்.

சரி, நம்ம ஆளுங்க மட்டும் யோக்கியமான்னு கேட்டா, நானே யோக்கியன் இல்லை. 2007-ல, தமிழ்மணத்துல நம்ம பதிவு மேல இருக்கணும்னு வெறி புடிச்சுத் திரிஞ்ச காலத்துல, "புதிய பதிவு, படிச்சுட்டு உங்க பக்கத்துல சுட்டி கொடுங்க"ன்னு முகவரிப் புத்தகத்துல இருந்த அத்தனை பேருக்கும் ஒரே மடல் தட்டினேன். எல்லார் முகவரியும் எல்லாருக்கும் தெரியற மாதிரி. அதுல என் மேனேஜரும் இருந்தார். பதிவோட தலைப்பு 'மேனேஜர்களை மேய்ப்பது எப்படி'. மேல சொல்ல வேணாம், அவ்வ்வ்.

ஆனா கேக்கவே கூடாதுன்னு நான் சொல்லலை. ரெண்டு வருஷம் முன்னாடி ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருத்தர் எழுதினார். "உங்க பழைய தோல்பாவைக்கூத்துப் பதிவுல நாலாவது பாராவில் உள்ள ஜியோசிட்டீஸ் சுட்டி திறக்கவில்லை. அந்தச் சேவையையே 2009-ல் மூடிவிட்டார்கள். வேபேக் மெஷினில் அந்தப் பக்கம் கிடைக்கிறது, முகவரி கீழே. தோல் பதப்படுத்துவது பற்றி நீங்கள் எழுதியதில் ஒரு பிழை இருக்கிறது. நான் எங்கள் ஊர்க் கலைஞர்களிடம் கேட்டு எழுதியதையும் அனுப்புகிறேன். சரியென்று பட்டால் சேருங்கள், இல்லையென்றாலும் பிழையைத் திருத்திவிடுங்கள்."

அவ்வளவுதான் மடல். கீழே அவர் பேரும் ஊரும் இருந்தது. அவர் எழுதினதை ராத்திரி ஒரு மணி வரைக்கும் படிச்சேன். பிழை என்னோடதுதான். திருத்தினேன், சுட்டி கொடுத்தேன், பத்தாததுக்குத் தனியா ஒரு பதிவும் போட்டேன். மாசத்துக்கு ஒரு மடலாவது இப்பவும் வருது அவர்கிட்டேருந்து. பாதி திட்டு :-)

டிஸ்கி: இந்த வாரம் பழைய பதிவுகள்ல இருக்கிற சுட்டிகளை ஒண்ணொண்ணா அமுக்கிப் பார்த்துட்டிருக்கேன். 2009 வரைக்கும் வந்தாச்சு. நடுவுல எங்கேயாவது சீட்டாட்டம் கண்ணுல பட்டா பின்னூட்டத்துல சொல்லுங்க, எந்தப் பதிவு, எந்த வரின்னு போட்டா புண்ணியமாப் போகும்.