ஆட்டம் நின்றபின் எழுதப்படும் விதி

தேசிய விளையாட்டு நிர்வாக மசோதா 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் நிறைவேறிச் சட்டமானது. ஓய்வுபெற்ற நீதிபதி எல். நாகேஸ்வர ராவ் தயாரித்த அகில இந்திய கால்பந்து சம்மேளனத்தின் புதிய சாசனத்துக்கு, அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் சில திருத்தங்களுடன் ஒப்புதல் வழங்கியது. நாட்டின் முதல்நிலை லீக்கில் ஏற்றமும் இறக்கமும் இருந்தாக வேண்டும் என்பது அந்தச் சாசனத்தின் முக்கிய அம்சங்களுள் ஒன்று. வென்ற அணி மேல் பிரிவுக்குச் செல்லும். கடைசியில் நிற்கும் அணி கீழ்ப் பிரிவுக்கு இறங்கும். காலம் தாழ்ந்து வந்தாலும் வரவேற்கத்தக்க மாற்றம் இது.

ஆனால், ஏற்றத்தையும் இறக்கத்தையும் கட்டாயமாக்கினால் மட்டும் போதாது. ஏதோ ஒரு காரணத்தால் போட்டி பாதியில் நின்றுபோனால் யார் மேலே போவது, யார் கீழே இறங்குவது என்ற கேள்விக்கும் முதல் ஆட்டம் தொடங்கும் முன்பே விடை எழுதப்பட்டிருக்க வேண்டும்.

இது வெறும் கற்பனைக் கேள்வி அல்ல. 2020 மார்ச்சில் கொரோனா தீநுண்மிப் பரவலால் ஐ லீக் போட்டிகள் நிறுத்தப்பட்டபோது 28 ஆட்டங்கள் மீதமிருந்தன. மோகன் பகான் 16 ஆட்டங்களில் 39 புள்ளிகளுடன், வேறெந்த அணியும் எட்ட முடியாத உயரத்தில் இருந்தது. அதனால் அந்த அணியைச் சாம்பியனாக அறிவித்ததில் எவருக்கும் மனக்குறை இருக்க நியாயமில்லை. அந்தப் பருவத்தில் இறக்கம் கிடையாது என்றும் முடிவெடுக்கப்பட்டது.

சிக்கல் இருந்தது இரண்டாம் பிரிவில்தான். அங்கே போட்டிகள் பாதியில் கைவிடப்பட்டதால், ஐ லீக்கில் நுழையப்போகும் அணி எது என்பது தெரியவில்லை. இறுதியில் 2020 அக்டோபரில் மேற்கு வங்கத்தில் 5 அணிகள் மோதும் தகுதிச் சுற்று நடத்தப்பட்டது. பெங்களூரு யுனைடெட்டும் அதில் ஆடியது. கொல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங் வென்று மேலேறியது. மேஜையில் முடிவெடுக்காமல் மைதானத்தில் முடிவெடுத்தது பாராட்டுக்குரியது. ஆயினும், அதற்கு முன் பல மாநிலங்களில் ஆடி ஈட்டிய புள்ளிகள் கணக்கில் இல்லாமல் போயின. பருவம் தொடங்கியபோது ஒரு விதி. முடியும்போது வேறொரு விதி.

அதே காலகட்டத்தில் ஐரோப்பா இந்தக் கேள்விக்கு எத்தனை விதமாக விடை சொன்னது என்பதைப் பார்த்தால், பிரச்னையின் ஆழம் புரியும்.

நெதர்லாந்தில் சாம்பியனும் இல்லை, ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை என்று 2020 ஏப்ரலில் அறிவித்தார்கள். அதற்குமுன் 34 கிளப்புகளிடம் கருத்து கேட்கப்பட்டது. ஏற்ற இறக்கம் வேண்டும் என்றவை 16. வேண்டாம் என்றவை 9. கருத்துக் கூறாதவை 9. அதிக ஆதரவு இருந்தும் சம்மேளனம் வேண்டாம் என்றே முடிவெடுத்தது. இரண்டாம் பிரிவில் முதலிடத்தில் இருந்த கம்பூரும் இரண்டாமிடத்தில் இருந்த டி கிராப்ஸ்காப்பும் நீதிமன்றத்தை நாடித் தோற்றன. அடுத்த பருவத்தில் கம்பூர் மீண்டும் முதலிடம் பிடித்து மேலேறியது. டி கிராப்ஸ்காப்போ, புள்ளிகளில் சமமாக நின்றும் கோல் வித்தியாசத்தில் நேரடி ஏற்றத்தைத் தவறவிட்டது. காலம் எல்லோருக்கும் இழப்பீடு தந்துவிடுவதில்லை.

பிரான்ஸில் 38 சுற்றுகளில் 28 முடிந்த நிலையில் பருவம் முடித்துவைக்கப்பட்டது. 10 சுற்றுகள் மீதமிருக்க, 4 புள்ளிகள் மட்டுமே பின்தங்கியிருந்த அமியான், துலூஸ் அணியுடன் சேர்த்துக் கீழே இறக்கப்பட்டது. அந்நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றம் ஜூன் 9 அன்று பருவத்தை முடித்தது சரியே என்றது. ஆனால், இறக்கத்துக்குத் தடை விதித்தது. அதே மாதத்தில் லீக்கின் பொதுக்குழு கூடி, இறக்கத்தை மீண்டும் உறுதிசெய்துவிட்டது.

ஸ்காட்லாந்தில் கிளப்புகளே வாக்களித்து முடிவெடுத்தன. ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக எத்தனை புள்ளிகள் என்ற கணக்கின்படி ஹார்ட்ஸ் அணி கீழே இறக்கப்பட்டது. இன்னும் 8 ஆட்டங்கள் இருந்தன. இடைவெளி 4 புள்ளிகளே. அடுத்த பிரிவில் பார்ட்டிக் திசிலின் நிலை இன்னும் பரிதாபம். அடுத்த இடத்தில் இருந்த அணியைவிட 2 புள்ளிகள் குறைவு. ஆனால், ஆடிய ஆட்டங்களிலும் ஒன்று குறைவு. அந்த ஓர் ஆட்டத்தில் வென்றிருந்தால் முந்தியிருக்கும். நடக்காத ஆட்டத்துக்காக அது தண்டிக்கப்பட்டது. இரு கிளப்புகளும் தொடுத்த வழக்கை நடுவர் குழு ஜூலையில் நிராகரித்தது.

தீநுண்மி ஒன்றுதான்; தீர்ப்புகள் மூன்று. இந்த மூன்றில் எது நியாயம் என்று விவாதித்துக்கொண்டே இருக்கலாம். ஆனால், மூன்றுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. புள்ளிப் பட்டியல் சுவரில் தொங்கும்போது விதியை வகுக்க உட்கார்ந்தார்கள். யாருக்கு ஆதாயம், யாருக்கு நஷ்டம் என்பது தெரிந்தபின் அளிக்கப்படும் எந்த வாக்கும் நடுநிலையான வாக்காக இருக்க முடியாது. வாக்களித்தவர் நல்ல எண்ணத்துடனேயே வாக்களித்திருந்தாலும் தோற்றவர் அதை நம்பப்போவதில்லை.

இந்தியாவில் இந்த ஆபத்து இன்னும் கூடுதல். பெங்களூரையே எடுத்துக்கொள்வோம். 2 முறை ஐ லீக் பட்டம் வென்ற பெங்களூரு எஃப்.சி. 2017இல் ஒப்பந்தப்புள்ளி மூலம் இந்தியன் சூப்பர் லீக்கில் இடம்பிடித்தது. 2014இல் 8 அணிகளுடன் தொடங்கிய அந்த லீக் 2024-25இல் 13 அணிகளாகப் பெருகியும், ஒரு அணிகூடக் கீழே இறங்கவில்லை. அதே நகரின் எஸ்.சி. பெங்களூரு 2023-24இல் மூன்றாம் நிலைப் போட்டியை வென்று ஐ லீக்குக்கு உயர்ந்து, அடுத்த ஆண்டே கீழே இறங்கியது. ஒரே ஊர், ஒரு கிளப்புக்கு இறக்கம் என்றால் என்னவென்றே தெரியாது, மற்றொன்றுக்கு ஓராண்டுக்குள் இரண்டும் வாய்த்துவிட்டன.

போட்டி நிற்பதற்கு நோய்த்தொற்றுதான் வர வேண்டும் என்பதில்லை. 2010இல் கையெழுத்தான வர்த்தக உரிமை ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடிவடையவிருந்ததால், அவ்வாண்டு ஜூலையில் சூப்பர் லீக் நிறுத்திவைக்கப்பட்டது. ஆகஸ்டில் பெங்களூரு எஃப்.சி. தன் முதல்நிலை அணி வீரர்களுக்கும் ஊழியர்களுக்கும் ஊதியத்தை நிறுத்திவைத்தது. 2026 பிப்ரவரி 14இல் லீக் தொடங்கும் என்று மத்திய விளையாட்டுத் துறை அமைச்சர் ஜனவரியில் அறிவிக்கும் வரை நிச்சயமின்மை நீடித்தது. ஒரு காகிதம் காலாவதியானதால் போட்டி தொடங்காமலேயே நிற்க முடியுமென்றால், இன்னொரு காகிதத்தால் அது நடுவழியில் நிற்கவும் முடியும்.

எல்லா ஆட்டங்களும் முறையாக நடந்து முடிந்த 2024-25 ஐ லீக்கிலேயே என்ன நடந்தது? கடைசி ஆட்டம் ஏப்ரலில் முடிந்தது. தகுதியற்ற வீரரைக் களமிறக்கிய ஒரு புகாரின் மீது சம்மேளனத்தின் ஒரு குழு ஒன்று சொல்ல, மேல்முறையீட்டுக் குழு வேறொன்று சொல்ல, சர்ச்சில் பிரதர்ஸ் சாம்பியன் என அறிவிக்கப்பட்டது. இன்டர் காசி அணிதான் சாம்பியன் என்று ஸ்விட்சர்லாந்தில் உள்ள சர்வதேச விளையாட்டுத் தீர்ப்பாயம் ஜூலை 18 அன்று தீர்ப்பளித்தது. முடிந்த போட்டிக்கே இந்தக் கதி என்றால், முடியாத போட்டியின் கதியைச் சொல்ல வேண்டியதில்லை.

இடையில் நின்றுபோவதை எப்படிக் கையாள்வது என்பதற்கு நமது அரசியல் சாசனத்திலேயே முன்னுதாரணம் இருக்கிறது. மக்களவை முன்கூட்டியே கலைக்கப்பட்டால், அதில் நிலுவையில் உள்ள மசோதாக்கள் காலாவதியாகும். மாநிலங்களவையில் நிலுவையில் இருந்து மக்களவையில் நிறைவேறாதவை காலாவதியாகா. 107ஆவது பிரிவு இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறது. எனவே, எந்த மசோதா யாருக்கு வேண்டியது என்று பார்த்து எவரும் முடிவெடுக்க வேண்டிய அவசியம் எழுவதில்லை. அந்தத் தெளிவுதான் கால்பந்துக்கும் தேவை.

ஒவ்வொரு பிரிவின் போட்டி விதிகளிலும் சில அம்சங்கள் இடம்பெற வேண்டும். பாதி ஆட்டங்கள்கூட முடியாவிட்டால் அந்தப் பருவம் ரத்து. முக்கால் பங்கு முடிந்திருந்தால், ஆட்டத்துக்குச் சராசரிப் புள்ளி என்ற கணக்கில், சந்தித்த எதிரணிகளின் வலிமையையும் கருத்தில்கொண்டு வரிசை தீர்மானிக்கப்பட வேண்டும். இரண்டுக்கும் இடைப்பட்ட நிலையில், 2020இல் செய்ததைப்போல ஒரு குறுகிய தகுதிச் சுற்று. ஏற்றத்தையும் இறக்கத்தையும் ஒரே தராசில் நிறுத்தக் கூடாது என்பது இவற்றினும் முக்கியம். முன்னணியில் இருந்த அணிக்கு ஏற்றம் தருவது, ஈட்டியதற்கு அளிக்கும் பரிசு. மீளும் வாய்ப்பு இருந்த அணியைக் கீழே தள்ளுவது, செய்யாத குற்றத்துக்குத் தண்டனை. கணக்குப்படி தப்பவே முடியாத அணியை மட்டும் இறக்கலாம். அதனால் அணிகளின் எண்ணிக்கை கூடினால், அடுத்த பருவத்தில் கூடுதல் இறக்கம் வைத்துச் சரிசெய்துகொள்ளலாம்.

கூடுதல் அணி என்றால் கூடுதல் ஆட்டம், கூடுதல் பயணம், கூடுதல் செலவு. நலிந்த நிலையில் உள்ள இந்தியக் கால்பந்து இதைத் தாங்குமா என்று கேட்கப்படலாம். நியாயமான கேள்விதான். ஒரு பருவத்தில் ஓரிரு அணிகள் கூடுவதால் ஏற்படும் செலவு கணக்கிடக்கூடியது. ஆண்டுக்கணக்கில் இழுக்கும் வழக்குகளாலும் முதலீட்டாளர் இழக்கும் நம்பிக்கையாலும் வேலையிழக்கும் வீரர்களாலும் ஏற்படும் நஷ்டம் கணக்கில் அடங்காதது.

புதிய சட்டம் தேசிய விளையாட்டுத் தீர்ப்பாயத்துக்கு வழிவகுத்திருக்கிறது. அதன் தீர்ப்பை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். இனி ஒவ்வொரு சர்ச்சைக்கும் வெளிநாட்டுக்கு ஓட வேண்டியிராது என்பது ஆறுதல். ஆனால், தீர்ப்பாயம் விதியைப் பொருத்திப் பார்க்கத்தான் முடியும். இல்லாத விதியை உண்டாக்க முடியாது. விதியை எழுதும் கடமை சம்மேளனத்துடையது. அதை எழுதுவதற்கு உகந்த நேரம், எந்த அணி எந்த இடத்தில் நிற்கும் என்று எவருக்கும் தெரியாத நேரம்தான்.