காலையில் தெய்வம், இரவில் எதிரி... இது குணமா, கோளாறா?

‘உன்னை மாதிரி அம்மா யாருக்குக் கிடைப்பாங்க?’ என்று காலையில் கொஞ்சும் மகள், இரவில் ‘நீ எனக்கு அம்மாவே இல்லை’ என்று கத்துகிறாள். காரணம், மதியம் அவள் போன் செய்தபோது அம்மா எடுக்கவில்லை.

யானைக்கவுனியின் ஒண்டுக்குடித்தனங்களில் இப்படி ஒரு சண்டை வெடித்தால் பக்கத்து வீடு வரை கேட்கும். ‘திமிர்’, ‘நடிப்பு’, ‘செல்லம் கொடுத்துக் கெடுத்தாச்சு’ என்று ஆளுக்கொரு தீர்ப்பு வரும். ‘மந்திரிச்சுக் கயிறு கட்டுங்க’ என்பார்கள். டாக்டர் பேச்சு கடைசியில்தான் வரும்.

நெருங்கிய உறவுகளில் வருடக்கணக்கில் இதே கதை தொடர்ந்தால், அது ‘பார்டர்லைன் பர்சனாலிட்டி டிஸார்டர்’ என்ற ஆளுமைக் கோளாறாக இருக்கலாம். 1980-ல் அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டில் இது இடம்பெற்றது. தன்னைக் கைவிட்டுவிடுவார்களோ என்ற பயம், சட்டென மாறும் மனநிலை, அடங்காத கோபம், உள்ளுக்குள் வெறுமை, தன்னையே காயப்படுத்திக்கொள்வது என 9 அறிகுறிகளில் 5 இருக்கிறதா என்று மருத்துவர்கள் பார்ப்பார்கள். அதை முடிவு செய்ய வேண்டியவர்களும் அவர்கள்தான். இதைப் படித்துவிட்டு மருமகளுக்கோ மாமியாருக்கோ பட்டம் கட்டிவிடாதீர்கள்!

மரபணு, சிறுவயதுக் காயங்கள் எனப் பல காரணங்கள் சேர்ந்தே இது வருகிறது. ‘உன் வளர்ப்புதான் சரியில்லை’ என்று பெற்றோர் ஒருவரையொருவர் குற்றம்சாட்டுவதால் பயனில்லை. அந்தச் சண்டையில் சத்தமில்லாமல் கவனிக்கப்படாமல் போவது வீட்டின் இன்னொரு குழந்தை.

கோபம் உச்சத்தில் இருக்கும்போது ‘இதுக்குப் போயா?’ என்று கேட்காதீர்கள். ‘நான் போன் எடுக்காதது உனக்கு ரொம்பக் கஷ்டமா இருந்திருக்கு’ என்று சொல்லுங்கள். வலியை ஒப்புக்கொள்வது, பழியை ஒப்புக்கொள்வது ஆகாது.

வசவு எல்லை மீறினால் பேச்சை நிறுத்தலாம். ஆனால், சொல்லாமல் எழுந்து போகக் கூடாது. அது கைவிடப்படும் பயத்தை இன்னும் கிளறும். ‘மொட்டை மாடிக்குப் போறேன், பத்து நிமிஷத்துல வந்துடுவேன்’ என்று சொல்லிவிட்டுப் போங்கள். சொன்னபடி வந்துவிடுங்கள்.

‘செத்துப்போறேன்’ என்றால் மட்டும் மிரட்டல் என்று ஒதுக்காதீர்கள். தனியே விடாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

இதற்கு முக்கிய சிகிச்சை, மாத்திரையைவிட முறையான பேச்சு சிகிச்சைதான். அதில் பெயர்பெற்ற ‘டி.பி.டி’ முறையை உருவாக்கிய அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹான், இளம்வயதில் தானே மனநல மருத்துவமனையில் இருந்ததை 2011-ல் வெளிப்படையாகச் சொன்னார். சிகிச்சையாலும் காலப்போக்கிலும் பெரும்பாலானோர் தேறுகிறார்கள் என்கின்றன நீண்டகால ஆய்வுகள்.

வடசென்னைக்காரர்களுக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு பக்கம்தான். கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையும் இருக்கிறது. நேரில் போகத் தயக்கமா? மத்திய அரசின் ‘டெலி மானஸ்’ இலவச எண் 14416-ல் எந்த நேரமும் தமிழில் பேசலாம். பாதிக்கப்பட்டவர் மட்டுமல்ல, பார்த்துக்கொண்டு களைத்துப்போன அம்மாவும் அப்பாவும் பேசலாம்.